சுண்ணாம்புத் தெளிநீர்

என் தந்தையார் கடலிலிருந்து கல்லெடுத்து விற்றவர். தூத்துக்குடிக்கு வடகிழக்கே வான் தீவு, காசுவார் தீவு, காரைச்சல்லி, விலாங்குச்சல்லி எனச் சிறு தீவுகள் வரிசையாகக் கிடக்கின்றன. ஐம்பதுகளில், நான் சிறுவனாக இருந்தபோது, விடியுமுன் வள்ளத்தில் அவற்றின் பக்கம் போவார்கள். இடுப்பளவு நீரிலும் கழுத்தளவு நீரிலும் நின்று, சில வேளை மூழ்கியும், கடப்பாரையால் பாறையை நெம்பி முருகைக்கல்லைப் பெயர்த்து வருவார்கள். கரையில் குவித்த கல் வெயிலில் கிடந்து நாறும். பிறகு வெளுக்கும். வெளுத்த கல்லில் நல்லது வீட்டுச் சுவருக்குப் போகும். மற்றது காளவாயில் வெந்து சுண்ணாம்பாகும். எங்கள் தெருவில் பல வீடுகள் அந்தக் கல்லால் எழுந்தவை. நான் படித்துத் தமிழாசிரியனானதும் அந்தக் கல் தந்த காசில்தான்.

இதை நான் யாரிடமும் பெருமையாகச் சொன்னதில்லை, மறைத்ததும் இல்லை. கல் விற்றுப் பிழைத்தோம் என்பதில் மறைக்க என்ன இருக்கிறது என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தேன்.

2013ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் கனடாவில் டொராண்டோ நகரின் ஸ்கார்பரோ பகுதியில் இருந்த என் மகள் வீட்டுக்குச் சென்றேன். முன்னறையில் நான்கடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்று இருந்தது. ஏறத்தாழ 400 லிட்டர் கடல்நீர். நீல விளக்கொளியில் பச்சையும் ஊதாவும் செம்மஞ்சளுமாக ஏதேதோ அசைந்தன. பூஞ்செடிகள் என்று நினைத்தேன். மாப்பிள்ளை சிரித்தார்.

"மாமா, இது நம்ம ஊர்க் கல்லுதான். உயிரோட இருக்கு, அவ்வளவுதான்."

அறுபது ஆண்டுகளுக்கு மேலாகக் கடற்கரையில் வாழ்ந்தவன் நான். கரைக்கு வந்த வெள்ளைக் கல்லை அறிவேனே தவிர, நீருக்குள் அது இருக்கும் கோலத்தை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன்.

பவளம் கல்லுமன்று, செடியுமன்று, விலங்கு. பாலிப் எனப்படும் மிகச் சிறிய உயிர்கள் ஆயிரக்கணக்கில் ஒட்டி வாழும் குடியிருப்பு அது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாய், வாயைச் சுற்றிக் கொட்டும் இழைகள். கடல்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தை எடுத்துத் தனக்கடியில் தானே வீடு கட்டிக்கொள்கிறது. அதன் தசைக்குள் ஒற்றைச்செல் பாசிகள் குடியிருக்கின்றன. அவை ஒளியைக் கொண்டு உணவு சமைத்துப் பெரும்பங்கைப் பவளத்துக்குக் கொடுக்கின்றன. பவளம் அவற்றுக்கு இடமும் உரமும் கொடுக்கிறது. பவளத்தின் பழுப்பு நிறம் பாசியினுடையது. கண்ணைப் பறிக்கும் பச்சையும் இளஞ்சிவப்பும் பவளம் தானே உண்டாக்கும் ஒளிரும் புரதங்களால் வருபவை. நீர் அளவுக்கு மீறிச் சூடானால் இந்த உறவு முறிந்து பாசி வெளியேறிவிடும். மிஞ்சுவது வெண்மை. அது நீடித்தால் பட்டினி, பிறகு சாவு. மன்னார் வளைகுடாவில் 2010இலும் 2016இலும் இவ்வாறு பவளங்கள் பெருமளவில் வெளுத்தன.

இதைப் படிக்கும் அன்பர்கள் எவரும் நம் நாட்டில் பவளத்தை வீட்டில் வளர்க்க முற்பட வேண்டாம். 2001ஆம் ஆண்டு முதல் அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் புலிக்கும் யானைக்கும் பக்கத்தில் இடம் பெற்றிருக்கிறது. அதை எடுப்பதும் வைத்திருப்பதும் குற்றம். கனடாவில் வளர்க்கலாம். ஆயினும் மாப்பிள்ளை கடலிலிருந்து பெயர்த்ததை வாங்குவதில்லை. தொட்டியில் வளர்ந்த பவளத்தின் விரலளவுக் கிளையை ஒடித்துச் சிறு கல்லில் ஒட்டினால் அது தனிக் குடியாகத் தழைக்கும். நண்பர்கள் நாற்றுப் போல அவற்றைத் தமக்குள் மாற்றிக்கொள்கிறார்கள். அவரிடம் இருந்தவை யாவும் அப்படி வந்தவை.

மாப்பிள்ளைக்கு ஒரு மருத்துவமனையில் முறைப்பணி. ஆகவே தொட்டியின் அன்றாட வேலைகள் சில என் கைக்கு வந்தன. பவளம் கேட்பவை அதிகமில்லை; ஆனால் கேட்பவை மாறாதிருக்க வேண்டும். வெப்பம் 25 பாகை அளவில், உப்பு ஆயிரத்துக்கு 35 பங்கு, கால்சியம் லிட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராம். நீரோட்டம் ஓயக்கூடாது. மீன் கழிவால் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மிகுந்தால் பாசி மண்டி நிறம் மங்கும். அவை அறவே இல்லாது போனாலும் பவளம் வெளிறிவிடும். அளவு சற்றுப் பிசகினால் தாங்கும். பிசகை ஒரே நாளில் திருத்த முற்பட்டால் தாங்காது.

நானும் ஒரு பிழை செய்தேன். நாளொன்றுக்கு நான்கு லிட்டர் நீர் ஆவியாகிவிடும். குறைந்த அளவை நிரப்பச் சொன்னார்கள். கடல் குறைந்தால் கடல்நீர்தானே ஊற்ற வேண்டும் என்று, கரைத்து வைத்திருந்த உப்புநீரை ஒரு வாரம் ஊற்றினேன். ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும் என்பது நம் உப்பளத்தில் வேலை செய்யும் சிறுவனுக்கும் தெரியும். எனக்குத் தோன்றவில்லை! பாலிப்புகள் எல்லாம் உள்ளே சுருங்கிக் கொண்டன. அளந்து பார்த்தபோது உப்பு 37ஐத் தாண்டியிருந்தது. மாப்பிள்ளை கடிந்துகொள்ளவில்லை. நாள்தோறும் சிறிது உப்புநீரை இறைத்து, வடித்த நன்னீரை ஊற்றி, பல நாட்களில் மெல்ல மெல்லப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தார்.

ஒரு மாலை அவர் ஓர் உருளையான பாத்திரத்தில் வெள்ளைத் தூளைக் கொட்டி நீரூற்றிக் கலக்கினார். பால் போல இருந்தது. சில மணி நேரத்தில் தூள் அடியில் படிந்து மேலே கண்ணாடி போலத் தெளிந்து நின்றது. நீர்மேல் மெல்லிய ஆடை படர்ந்தது. வெற்றிலை போடுவோர் வீட்டில் பிறந்தவனுக்கு அந்த ஆடையைத் தெரியாதா? சுண்ணாம்பு!

"ஆமா மாமா. ஜெர்மன் மொழியில கால்க்வாசர்னு சொல்லுவாங்க. தெளிஞ்ச தண்ணியை மட்டும் ராத்திரி முழுக்கச் சொட்டுச் சொட்டா விடணும். அதை எடுத்துத்தான் இதுங்க வீடு கட்டுது."

1970களில் பீட்டர் வில்கென்ஸ் என்பவர் பரப்பிய முறையாம் அது. ஒரு லிட்டர் நீரில் ஒன்றரை கிராம் அளவே கரையும். காரம் மிக்கது, ஒரேயடியாக ஊற்றினால் தொட்டியே பால்போலத் திரிந்து உயிர்கள் மாளும். இரவில் பாசி உணவு சமைக்காததால் நீரில் கரியமிலவாயு பெருகும். அதற்கும் இந்தத் தெளிநீர் மருந்து. ஆகவேதான் இரவில் சொட்ட விடுவது.

நான் நாற்காலியில் அமர்ந்துவிட்டேன். என் தந்தையார் பவளத்தை எரித்துச் சுண்ணாம்பாக்கக் கொடுத்தார். இங்கே ஒருவர் சுண்ணாம்பைக் கரைத்துப் பவளமாக்குகிறார். என் முகத்தைப் பார்த்த பேத்தி என்னவென்று கேட்டாள். அவளுக்கு அப்போது எட்டு வயது. என் அப்பாவின் தொழிலைச் சொன்னேன்.

"அப்போ உங்க அப்பா இதையெல்லாம் கொன்னாங்களா, தாத்தா?"

"அவருக்கு இது வெறும் கல்லுன்னுதாம்மா தெரியும்" என்றேன்.

அது பொய். சொன்ன கணமே எனக்குத் தெரிந்தது. அதைத் திருத்த ஒரு மாதம் கழித்தே எனக்கு வாய்த்தது.

அவ்வாண்டு டிசம்பர் 22ஆம் நாள் பனிமழை பெய்தது. மழைத்துளி விழுந்த இடத்திலேயே உறைந்தது. மரங்கள் கண்ணாடி பூசியது போலாகிக் கிளைகள் முறிந்து மின்கம்பிகள் மேல் சாய்ந்தன. அந்நகரில் மட்டும் ஏறத்தாழ 3 இலட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் இல்லை. மாப்பிள்ளை மருத்துவமனையில் இருந்தார். மாற்றாள் வர முடியாததால் அவராலும் வர முடியவில்லை. வீட்டில் மகள், பேத்தி, நான்.

விடியலில் விழித்தபோது தொட்டியின் ஓசை நின்றிருந்தது. தொலைபேசியில் அவர் சொன்னார்: "மாமா, வெளிச்சத்தைப் பத்திக் கவலைப்படாதீங்க, மூணு நாள் இருட்டில் தாங்கும். முதல்ல காற்று, அப்புறம் சூடு. தீனி போடாதீங்க, சுண்ணாம்புத் தண்ணி விடாதீங்க."

ஓடாத நீரில் உயிர்க்காற்று தீர்ந்துபோகும். குளிரைவிட முன்னால் வரும் ஆபத்து அது. மின்கலத்தில் ஓடும் சிறு காற்றுக்குழாய் ஒன்று இருந்தது. அது முதல் நாள் மாலையோடு ஓய்ந்தது. பிறகு கைதான். நீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்ற வேண்டும். நான் பித்தளைச் செம்பை எடுக்கப் போனேன்; மகள் ஓடிவந்து பிடுங்கினாள். செம்புச் சத்து துளி கரைந்தாலும் இவ்வுயிர்களுக்கு நஞ்சாம். பிளாஸ்டிக் குவளை கொடுத்தாள். கண்ணாடியைச் சுற்றிக் கம்பளிகள் கட்டினோம். எரிவாயு அடுப்பைத் தீக்குச்சியால் பற்றவைத்து வெந்நீர் போட்டு, போத்தல்களில் அடைத்து, மூடியை இறுக்கித் தொட்டியில் மிதக்க விட்டோம். ஆறியதை எடுத்து மீண்டும் நிரப்புவோம். வீட்டுக்குள் கரியடுப்பு எரித்த சிலர் நச்சுப்புகையில் சிக்கிய செய்தி வந்ததால், வெந்நீர் கொதித்ததும் அடுப்பை அணைத்துவிடுவோம்.

மணிக்கொரு முறை பேத்தி கைவிளக்கைப் பிடித்து வெப்பமானியைப் பார்த்து நோட்டில் எழுதினாள். 25, 24, 23 என்று இறங்கியது. இரண்டாம் இரவு 20இல் நின்றது. மகள் களைத்து உறங்கிவிட்டாள். நான் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தேன். மீன்கள் மூலையில் ஒடுங்கியிருந்தன. விளக்கொளியில் பவளங்களின் மேல் கொழகொழவென்று ஏதோ வழிந்தது.

"தாத்தா, இது அழுகுதா?"

என் கை நின்றுவிட்டது. அந்தச் சொல்லை நான் முன்பே கேட்டிருந்தேன். வள்ளம் கரை சேர்ந்த ஒரு பகலில், புதிதாகப் பெயர்த்த கல்லிலிருந்து கோழை போன்ற நீர் சொட்டுவதைக் காட்டி அப்பா என்னிடம், "கல்லு அழுகுது பாரு" என்றார். சொல்லிவிட்டுத் தலைப்பாகையை அவிழ்த்துக் கையைத் துடைத்துக்கொண்டார். மறுநாளும் கல்லெடுக்கப் போனார்.

"அன்னிக்கு உன்கிட்ட ஒண்ணு சொன்னேனே, என் அப்பாவுக்கு இது கல்லுன்னுதான் தெரியும்னு. அது சரியில்லம்மா" என்றேன். "உயிர் இருக்குன்னு அவருக்குத் தெரியும். எங்க வீட்டில் ஐந்து பிள்ளைங்க. வேறு தொழில் அவருக்குத் தெரியாது. தெரிஞ்சேதான் செஞ்சார்."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. நான் எதிர்பார்த்த வெறுப்பும் அவள் முகத்தில் இல்லை. சற்று நேரம் கழித்து, "குவளையை என்கிட்ட கொடுங்க தாத்தா, உங்களுக்குக் கை வலிக்கும்" என்றாள்.

24ஆம் நாள் இரவு மின்சாரம் வந்தது. விளக்குகளைவிட முன்னால் தொட்டியின் ஓசையைத்தான் மூவரும் கேட்டோம். வெப்பத்தையும் மாப்பிள்ளை ஒரேயடியாக ஏற்றவில்லை. ஒரு நாள் முழுவதும் எடுத்துக்கொண்டார். யூஃபிலியா மூன்றாம் நாள் இழைகளை விரித்தது. தட்டுப்போல் விரிந்த மாண்டிப்போராவின் விளிம்பு மட்டும் பட்டுப்போனது. ஊதா நுனி கொண்ட அக்ரோபோராக்கள் இரண்டும் ஒரு வாரத்துக்குள் தசை உரிந்து வெறும் எலும்பாயின. அவை எல்லாவற்றிலும் நொய்மையானவை என்று சொல்லி மாப்பிள்ளை என்னைத் தேற்றினார்.

பேத்தி அந்த வெள்ளைக் கிளையைக் கழுவித் தன் புத்தக அலமாரியில் வைத்தாள். "உங்க அப்பா பார்த்த கல்லு இதுதானா?" என்றாள்.

"நான் பார்த்த கல்லு இது. அவர் பார்த்தது அந்தத் தொட்டியில் இருக்கிறது" என்றேன்.

ஊர் திரும்பிய பிறகு தீவுகளைப் பற்றிக் கேட்டறிந்தேன். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் அடங்கிய பகுதி 1986இலேயே கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. கல்லெடுப்பு அதற்குப் பிறகும் வெகுகாலம் நிற்கவில்லை. பாறை என்ற வேலி போன பின் அலை நேராக வந்து மோதும். என் தந்தையார் கல்லெடுத்த விலாங்குச்சல்லி இன்று நீருக்குள் இருக்கிறது. பூவரசன்பட்டித் தீவும் அவ்வாறே. தேய்ந்துவந்த வான் தீவைக் காக்க 2015 முதல் செயற்கைப் பாறைக் கட்டிகளைக் கடலில் இறக்கியிருக்கிறார்கள். நம் ஊரிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆய்வு நிறுவனத்தார் 2002 முதல் உடைந்த பவளக் கிளைகளைக் கட்டிகளில் பொருத்திக் கடலடியில் நட்டுவருகிறார்கள். கிளை ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வளரும். திரண்ட கல்லாக வளரும் இனங்களோ அதனினும் மெல்ல. அப்பா ஒரு காலையில் நெம்பிய கல்லுக்கு எத்தனை தலைமுறை வயது இருந்திருக்கும் என்று இப்போது கணக்கிட முடிகிறது. அவரிடம் சொல்லத்தான் முடியாது.

பேத்தி இன்று வளர்ந்த பெண். மாண்டிப்போராவின் பட்டுப்போன விளிம்பு மூடி, அதிலிருந்து ஒடித்த கிளைகள் எத்தனையோ வீடுகளுக்குப் போய்விட்டன என்று சொன்னாள். இரவில் சுண்ணாம்புத் தெளிநீர் சொட்ட விடுவது இப்போது அவள் பொறுப்பாம்.

எங்கள் பழைய வீட்டின் பின்சுவரில் ஓரிடத்தில் காரை உதிர்ந்திருக்கிறது. உள்ளே முருகைக்கல். அதில் விண்மீன் வடிவில் சிறு குழிகள், நெருக்கமாக. ஒவ்வொன்றும் ஒரு பாலிப் இருந்த அறை. ஆண்டுதோறும் திருநாளுக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடிப்பது வழக்கம். சென்ற ஆண்டு வந்த கொத்தனார் அந்த இடத்தைப் பூசி மறைத்துவிடட்டுமா என்று கேட்டார். அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.