இடுப்பு வலிக்கு யார் கை நல்ல கை?

பத்துப் பெண்கள் ஓரிடத்தில் கூடினால், பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் இடுப்பு வலியில்தான் வந்து நிற்கிறது. எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் கேட்கவே வேண்டாம். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் வயல்களில் நாற்று நடுகிறவர்கள் நாள் முழுக்கக் குனிந்தபடி. திராட்சைத் தோட்டத்துக்குப் போகிறவர்கள் பந்தலுக்கு அடியில் அண்ணாந்தபடி. கம்பம்மெட்டு வழியாகவும் போடிமெட்டு வழியாகவும் ஜீப்பில் நெருக்கியடித்து மலை ஏறுகிறார்களே, ஏலத்தோட்டத்துப் பெண்கள், அவர்கள் பாடு இன்னும் மோசம். ஏலக்காய் செடியின் அடியில்தான் காய்க்கும். குனிந்தும் குத்தவைத்தும்தான் பறித்தாக வேண்டும்.

வீட்டோடு இருக்கிறவர்கள் மட்டும் சுகமாக இருக்கிறோமா என்ன? ஒரு கையில் குடம், இடுப்பில் பிள்ளை, அடுப்பில் பால். இந்த மூன்றும் சேர்ந்தால் முதுகு என்னத்துக்கு ஆகும்?

வலி வந்தால் எங்கள் பக்கத்தில் வைத்தியத்துக்குப் பஞ்சமில்லை. நல்லெண்ணெயைச் சுடவைத்துத் தடவிவிட ஓர் அப்பத்தா இருப்பார். நொச்சித் தழையை வதக்கி ஒத்தடம் கொடுப்பார்கள். பிறக்கும்போது தலைக்குப் பதில் கால் முதலில் வந்து பிறந்தவர்கள் காலால் லேசாக உதைத்தால் பிடிப்பு விட்டுவிடும் என்று தேடிப் போகிறவர்கள் இன்றைக்கும் உண்டு. இந்த வரிசையில் புதிதாக வந்து சேர்ந்திருப்பது 'கைரோபிராக்டிக்'. குப்புறப் படுக்கவைத்து, முதுகெலும்பில் கையை வைத்து 'படக்' என்று ஓர் அழுத்து. அந்தச் சத்தத்தைக் கேட்பதற்கென்றே செல்போனில் வீடியோ பார்க்கிறவர்கள் எத்தனை பேர்!

என் நாத்தனாரும் அப்படித்தான் பார்த்திருக்கிறாள். இரண்டாவது பிள்ளை பிறந்து ஆறு மாதம். ஆபரேஷன் பிரசவம். "முதுகில ஊசி போட்டாகள்ல, அதான் இந்த வலி" என்று என் மாமியார் தீர்ப்பே சொல்லிவிட்டார். பிள்ளையைத் தூக்கினால் வலி, குனிந்தால் வலி, ராத்திரி திரும்பிப் படுத்தால் வலி. பக்கத்து ஊரில் யாரோ இந்த 'படக்' வைத்தியம் செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்வந்தாள்.

"மதினி, முதல் தடவை செஞ்சதும் ரெண்டு நாளு இடுப்பு காத்து மாதிரி இருந்துச்சு. மூணாம் நாளு பழையபடி வந்துருச்சு. எலும்பு விலகியிருக்காம். பதினஞ்சு தடவை வரணுமாம். மொத்தமா பணம் கட்டினா சலுகையாம்" என்றாள். கையில் பணம் இல்லை. காதில் கிடந்த தோட்டை அடகு வைக்கலாமா என்று கேட்கத்தான் என்னிடம் வந்திருந்தாள்.

தோடு போனால் திருப்பிவிடலாம். முதுகு போனால்? இதில் உண்மை எவ்வளவு, விளம்பரம் எவ்வளவு என்று தெரிந்துகொண்டுதான் பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அப்படித் தேடிப் படித்ததைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

இந்த வைத்தியம் பிறந்த வருஷம் நம் பள்ளத்தாக்குக்கு நன்றாகத் தெரிந்த வருஷம். பென்னிகுவிக் கட்டிய பெரியாறு அணை திறக்கப்பட்டது 1895 அக்டோபரில் அல்லவா? அதற்கு முந்தின மாதம்தான், செப்டம்பரில், அமெரிக்காவில் டேவன்போர்ட் என்ற ஊரில் டி.டி. பால்மர் என்பவர் ஒருவரின் முதுகெலும்பை அழுத்திச் சரிசெய்ததாகச் சொல்லி இதைத் தொடங்கினார். எலும்பு இடம் விலகி நரம்பை அழுத்துவதால்தான் பெரும்பாலான வியாதிகள் வருகின்றன என்பது அவருடைய கொள்கை. அந்தக் கொள்கையை ஆராய்ச்சிகள் ஒப்புக்கொள்ளவில்லை. 'படக்' என்ற சத்தமும் எலும்பு இடத்தில் போய் உட்காரும் சத்தம் அல்ல. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் வாயு குமிழியாக மாறும்போது எழும் சத்தம். விரலைச் சொடுக்கினால் கேட்கிறதே, அதே சங்கதிதான்.

அப்படியானால் முழுக்கப் பொய்யா? அதுவும் இல்லை. கொள்கை வேறு, கைப்பக்குவம் வேறு. நாள்பட்ட இடுப்பு வலிக்கு முதுகெலும்பை அழுத்தும் சிகிச்சை பற்றி நடந்த 47 ஆய்வுகளை, 9,211 பேரின் விவரங்களோடு, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். 2019-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் முடிவு வெளிவந்தது. உடற்பயிற்சி போன்ற மற்ற நல்ல சிகிச்சைகளால் கிடைக்கும் பலன் இதிலும் கிடைக்கிறது. அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் இல்லை. அவ்வளவுதான்.

எனக்கு இன்னும் பிடித்தது 1998-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு. இடுப்பு வலிக்காரர்கள் 321 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குக் கைரோபிராக்டிக். ஒரு பிரிவுக்கு பிசியோதெரபி பயிற்சி. மூன்றாவது பிரிவுக்கு இடுப்பு வலியைப் பற்றி விளக்கும் ஒரு சிறு புத்தகம் மட்டும்! முதல் இரண்டு பிரிவுக்கும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான். புத்தகம் வாங்கிப் போனவர்களைவிட அவர்கள் கொஞ்சமே கொஞ்சம்தான் மேல். இரண்டு வருஷச் செலவைக் கணக்குப் பார்த்தால் கைரோபிராக்டிக்காரர்களுக்குச் சராசரி 429 டாலர், பயிற்சிக்காரர்களுக்கு 437 டாலர், புத்தகக்காரர்களுக்கு 153 டாலர். வலியைப் பற்றிப் புரிந்துகொள்வதே பாதி வைத்தியம் என்று இதிலிருந்து தெரிகிறது இல்லையா?

உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்பு வலிக்கென்றே வழிகாட்டி ஒன்று வெளியிட்டது. 2020-ல் உலகத்தில் 61 கோடியே 90 லட்சம் பேருக்கு இடுப்பு வலி இருந்ததாம். ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். உடற்பயிற்சி, வலியைப் பற்றிய விளக்கம், மனத்தைத் தேற்றும் ஆலோசனை, கையால் செய்யும் சிகிச்சை, தடவிவிடுதல் ஆகியவை உதவக்கூடும் என்கிறது அது. ஆக, அப்பத்தாவின் எண்ணெய்க் கைக்கும் ஓர் இடம் கிடைத்திருக்கிறது! ஆனால் வழக்கமாக இடுப்பு பெல்ட் போட்டுக்கொள்வதையும், எடை கட்டி இழுக்கும் சிகிச்சையையும் அது சிபாரிசு செய்யவில்லை.

"அசையாமல் படு" என்ற உபதேசமும் பழைய கதையாகிவிட்டது. 1986-லேயே அமெரிக்காவில் 203 பேரிடம் பார்த்தார்கள். ஏழு நாள் படுக்கச் சொன்னவர்களைவிட இரண்டே நாள் படுக்கச் சொன்னவர்கள் சீக்கிரம் வேலைக்குத் திரும்பினார்கள். 2024-ல் ஆஸ்திரேலியாவில் 701 பேரிடம் செய்த ஆய்வு இன்னும் எளிமை. வலி குணமானவர்களுக்குப் படிப்படியாக நடைப்பயிற்சி சொல்லிக்கொடுத்தார்கள், வாரம் ஐந்து நாள், அரை மணி நேரத்தை இலக்காக வைத்து. நடக்காதவர்களுக்கு 112 நாளில் திரும்பி வந்த வலி, நடந்தவர்களுக்கு வர 208 நாள் ஆனது. நடப்பதற்கு யாரும் காசு கேட்கப் போவதில்லை.

என் மாமியாரின் ஊசிக் கதைக்கும் பதில் கிடைத்தது. இங்கிலாந்தில் பிரசவ வலி குறைய முதுகில் மருந்து செலுத்திக்கொண்ட தாய்மாரையும், வேறு முறையை எடுத்துக்கொண்டவர்களையும், மொத்தம் 369 பேரை, இரண்டு வருஷத்துக்கு மேல் கவனித்தார்கள். முதுகு வலியில் வித்தியாசமே இல்லை என்று 2002-ல் எழுதினார்கள். பிள்ளை பெற்ற உடம்பில் வயிற்றுத் தசை தளர்ந்திருக்கிறது. தூக்கம் இல்லை. குனிந்தே பால் கொடுக்கிறோம். பழியை மட்டும் ஊசி மேல் போடுகிறோம்!

தோட்டைக் காதிலேயே விட்டுவிட்டு, நாத்தனாரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். டாக்டர் பார்த்து, பயப்பட ஒன்றும் இல்லை என்று பிசியோதெரபிக்கு அனுப்பினார். அங்கே இருந்த பெண் சொல்லிக்கொடுத்தது மூன்றே பயிற்சி. மல்லாந்து படுத்து ஒவ்வொரு முழங்காலாக நெஞ்சுக்கு இழுப்பது. முழங்காலை மடக்கிவைத்து இடுப்பை மெல்ல மேலே தூக்கி இறக்குவது. கையையும் முழங்காலையும் ஊன்றி, பூனை மாதிரி முதுகை வளைத்து நிமிர்த்துவது. கூடவே, பால் கொடுக்கும்போது சுவரில் சாய்ந்து மடியில் தலையணை வைத்துப் பிள்ளையை மார்புக்கு உயர்த்திக்கொள்ளச் சொன்னார். பொருளைத் தூக்கும்போது முழங்காலை மடக்கி, உடம்போடு அணைத்துத் தூக்கச் சொன்னார்.

இரண்டு மாதம் ஆயிற்று. வலி அடியோடு போய்விட்டது என்று சொன்னால் அது பொய். "இருக்கு மதினி, ஆனா என்னை அடக்கி வைக்கல" என்கிறாள். பிள்ளையைத் தூக்குகிறாள், சாயங்காலம் வாய்க்கால் கரையோரம் நடக்கிறாள். பெரிய மாற்றம் ஒன்று உண்டு. தண்ணீர்க் குடம் இப்போது அவள் வீட்டுக்காரர் பொறுப்பு.

இனி முக்கியமான விஷயம், சகோதரிகளே. எல்லா இடுப்பு வலியும் சாதாரண வலி அல்ல. மலஜலம் கட்டுப்படாமல் போவது, நீர் பிரியாமல் அடைப்பது, தொடை இடுக்கில் உணர்ச்சி மரத்துப் போவது, கால் வலுவிழப்பது, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். சாயங்காலக் காய்ச்சல், காரணமில்லாமல் உடம்பு இளைப்பது, ராத்திரியில் கூடும் வலி, இவை முதுகெலும்புக் காசநோயாகவும் இருக்கலாம். நம் நாட்டில் அது அபூர்வம் அல்ல. அந்த எலும்பை அழுத்தினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். காசநோய்க்கு அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். முன்பு புற்றுநோய் வந்தவர்கள், கீழே விழுந்தவர்கள், எலும்பு தேய்ந்த வயதானவர்கள், கர்ப்பிணிகள், இவர்கள் யாரும் டாக்டரைக் கேட்காமல் முதுகில் யாரையும் கை வைக்க விடக்கூடாது. கழுத்தைச் சட்டென்று திருப்பும் வேலை யாருக்குமே வேண்டாம். அபூர்வமாகத்தான் என்றாலும், கழுத்து ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு.

போய்த்தான் தீருவேன் என்கிறவர்கள் முதலில் "எங்கே படித்தீர்கள்?" என்று கேளுங்கள். முழுமையான கைரோபிராக்டிக் படிப்புக்குக் குறைந்தது 4,200 மணி நேரம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2005-ல் சொன்னது. வார இறுதி வகுப்பில் கற்றுவருகிற வித்தை அல்ல இது. மொத்தமாகப் பணம் கட்டச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். நாலைந்து தடவையில் தெரியாத குணம் பதினைந்தாவது தடவையில் வந்துவிடாது.

வீட்டில் வயதானவர்கள் வெளியே போக முடியாமல் வலியோடு கிடந்தால், 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபி செய்கிறவர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

வலிக்குத் தடவிவிடுகிற கை நல்ல கைதான். பயிற்சி சொல்லித் தருகிற கை அதைவிட நல்ல கை. ஆனால் நம் தலையில் இருக்கிற குடத்தையும் இடுப்பில் இருக்கிற பிள்ளையையும் கேட்காமலே வாங்கிக்கொள்ள வீட்டில் ஒரு கை வேண்டும். அது நீளவில்லையென்றால், வெட்கப்படாமல் வாய்விட்டுக் கேளுங்கள்.