அக்காவின் சூளைக் கணக்கு

குயவர் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது பொங்கல் பானையும் கார்த்திகை அகல் விளக்கும்தான். 'ஸ்டூடியோ பாட்டர்' என்று ஒரு தொழில் இருப்பது எனக்கே பெரியப்பா மகள் வங்கி வேலையை விட்ட பிறகுதான் தெரியும். தனியாகவோ, இரண்டு மூன்று பேராகவோ ஒரு சின்னப் பட்டறையில் தட்டு, கோப்பை, ஜாடி என்று தாங்களே வடிவமைத்து, தாங்களே சுட்டு விற்பவர்கள் இவர்கள்.

அக்கா இருப்பது புதுச்சேரிப் பக்கம். அதென்ன அங்கே மட்டும் இத்தனை பட்டறைகள் என்று கேட்கலாம். 1971-ல் அமெரிக்காவிலிருந்து வந்த ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் அங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். விற்பனைக்குத் தட்டும் கோப்பையும் செய்தார்கள், தேடி வந்தவர்களுக்குக் கற்றும் கொடுத்தார்கள். கற்றவர்களில் பலர் சொந்தமாகப் பட்டறை போட்டார்கள். அக்காவின் குரு அந்த வழியில் வந்தவர்.

சரி, விஷயத்துக்கு வருவோம். பட்டறை தொடங்கி மூன்று வருஷம் ஆகிறது. இந்த வருஷம் அக்கா சாதித்தது மூன்று: சொந்தமாக ஒரு கேஸ் சூளை, முதல் பயிற்சி வகுப்பு, ஒரு உணவகத்திலிருந்து 300 தட்டுக்கு ஆர்டர். அடுத்த வருஷத் திட்டம் ஒன்றே ஒன்று: முதல் தனிக் கண்காட்சி.

சிக்கல் என்னவென்றால், கண்காட்சிக்காக அந்த ஆர்டரை வேண்டாம் என்று சொல்லிவிட நினைத்தார். "ஒரே தட்டை முந்நூறு தடவை செய்யவாடா வேலையை விட்டேன்?" என்றார். பெரியப்பாவோ, "இன்னும் ஒரு வருஷம்தான், அப்புறம் ஒழுங்கா ஒரு வேலைக்குப் போ" என்று சொல்லிவிட்டார். வீட்டில் பி.காம் படிப்பவன் நான் ஒருவன்தான் என்பதால் கணக்கு நோட்டு என் கைக்கு வந்தது :)

புரட்டிப் பார்த்ததில் ஒன்று புரிந்தது. இந்தத் தொழிலில் வருஷத்தை மாதங்களால் அளக்கக் கூடாது, சூளைகளால் அளக்க வேண்டும். பாதி நிரம்பினாலும் முழுக்க நிரம்பினாலும் 1250 டிகிரிக்கு மேல் போக கேஸ் கிட்டத்தட்ட அதே அளவுதான் செலவாகும். போதாததற்கு விரிசல், கோணல், பூச்சு வழிந்து அடியில் ஒட்டிக்கொள்வது... நாம் காஸ்டிங் வகுப்பில் படித்த 'நார்மல் லாஸ்' இங்கே கண்ணெதிரே உடைந்து கிடக்கிறது!

ஒரு சூளைக்கு 60 தட்டு, மொத்தச் செலவு 12,000 ரூபாய் என்று வையுங்கள். ஒன்றுக்கு 200. ஆனால் அக்காவுக்குத் தேறுவது 48 தான். அப்படியென்றால் ஒன்றுக்கு 250. உடைந்த பன்னிரண்டின் செலவையும் நல்லவைதான் சுமக்க வேண்டும். ஆர்டருக்கு அக்கா விலை போட்டது 200-ஐ வைத்து. முதலில் அதைத் திருத்தினோம்.

அடுத்தது ஆர்டர். 300 நல்ல தட்டு தேற 375 செய்தாக வேண்டும். ஆறு சூளையில் 288 தேறும். மீதி 12-க்காக ஏழாவது சூளை மூட்ட வேண்டும். அதில் தட்டுகள் அடைப்பது கால்வாசி இடம்தான். மீதி முக்கால்வாசி? கண்காட்சி ஜாடிகளுக்கு! கேஸ் செலவை ஆர்டர் ஏற்றுக்கொண்டுவிடும்.

அக்கா கும்பிடும் லூசி ரீயும் இப்படித்தான் பிழைத்தார். வியன்னாவில் பெயர் வாங்கியிருந்த அந்த யூதப் பெண்மணி, 1938-ல் நாஜிகளிடமிருந்து தப்பி லண்டன் வந்தார். போர்க் காலத்தில் அவர் பட்டறையில் உருவானவை உடைகளுக்கான பீங்கான் பொத்தான்கள். 1946-ல் வேலை தேடி வந்த ஹான்ஸ் கோப்பருடன் சேர்ந்து கோப்பையும் சாசரும் செய்து விற்றார். இன்று அருங்காட்சியகங்களில் இருக்கும் கிண்ணங்களைச் செய்த கைகள்தான் அவை. 1991-ல் பிரிட்டன் அவருக்கு 'டேம்' பட்டம் கொடுத்தது. பொத்தான் செய்ததால் அவர் கலை ஒன்றும் குறைந்துவிடவில்லை.

இதைச் சொன்னபோது அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு காலண்டரை எடுத்தார். வெயிலில் ஓரம் சீக்கிரம் காய்ந்து வெடிக்கும், பாலிதீன் போட்டு மூட வேண்டும். ஐப்பசி மழையில் காயவே காயாது. அதனால் தட்டுகள் எல்லாம் செப்டம்பருக்குள். வெளியூர்க் கூட்டம் வரும் டிசம்பர் கடைசியில் கண்காட்சி. உணவகத்துக்குப் புதிய விலை போய்விட்டது, அவர்களும் ஒத்துக்கொண்டார்கள்.

பெரியப்பாவின் ஒரு வருஷம் ஓடிக்கொண்டிருக்கிறது. கண்காட்சியில் எத்தனை விற்கும் என்று எந்த ஃபார்முலாவும் சொல்லாது. ஆனால் ஒன்றுகூட விற்காவிட்டாலும் பட்டறை வாடகை கட்டிவிடலாம். முதல் வருஷக் கண்காட்சிக்கு அந்தத் தைரியம் போதும் என்று நினைக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள், நண்பர்களே?