சக்கரமில்லா விமானம்

தமிழாசிரியனிடம் கட்டுரை கேட்டால் இலக்கணமோ இலக்கியமோ வந்து சேரும் என மலர்க் குழுவினர் எதிர்பார்த்திருப்பர். யான் எழுதப் புகுந்தது ஒரு பிளாஸ்டிக் விமானத்தைப் பற்றி. பொறுத்தருள்க.

எங்கள் பெரியப்பா இக்கல்லூரியின் பழைய மாணவர். அறுபதுகளில் கொழும்பில் எழுதுவினைஞராக இருந்தபோது கற்றலீனா என்னும் கடல் விமானத்தின் மாதிரிப் பெட்டி ஒன்றை வாங்கினார். எயார்பிக்ஸ் என்னும் ஆங்கிலக் கம்பனியார் 1963இல் வெளியிட்டது அது. உண்மை விமானத்தை எழுபத்திரண்டில் ஒரு பங்காகச் சுருக்கி, உறுப்பு உறுப்பாக வார்த்திருப்பர். கத்தரித்தெடுத்துப் பசையிட்டுப் பொருத்துவது வாங்கியவர் பாடு. பெரியப்பாவுக்கு அதற்கு ஓய்வு வாய்க்கவில்லை. பெட்டி எங்கள் வீட்டுப் பரணில் ஏறியது.

அதைத் திறந்து பார்க்கச் சிறு வயதில் ஆசைப்பட்டதுண்டு. 1990 ஆனியில் போர் மீண்டும் மூண்டபோது எனக்கு வயது பத்து. அதன்பின் அவ்வாசை அற்றுப்போயிற்று. விமானம் என்றால் எங்களுக்கு ஓசை. ஓசை என்றால் பனங்குற்றி பரப்பிய பதுங்கு குழி. அம்மா விளக்கை ஊதி அணைப்பார். ஐயா எங்கள் தலைகளை முழங்காலோடு சேர்த்து அமுக்குவார். 1995இல் இடம்பெயர்ந்து மறு ஆண்டு மீண்டபோது கூரையில் ஓடுகள் பல இல்லை. பெட்டி மழையில் ஊறி உப்பிக் கிடந்தது. எறியவும் மனம் வரவில்லை, திறக்கவும் மனம் வரவில்லை.

பெரியப்பா காலமானபின், சென்ற ஆண்டுதான் திறந்தேன். மூடியின் உட்புறத்தில் அவர் கையெழுத்து: “கொக்கல, 1942”.

தேடிப் படித்தேன். 1942 ஏப்ரல் 4ஆந் திகதி, கனடிய விமானப்படையின் 413ஆம் அணியைச் சேர்ந்த லெனாட் பேர்ச்சல் என்பார் கொக்கல வாவியிலிருந்து இத்தகைய விமானமொன்றில் ஒன்பதின்மராய்ப் புறப்பட்டு, இலங்கையை நோக்கி வந்த யப்பானியக் கப்பற்படையைக் கண்டார். செய்தியை மும்முறை அனுப்புவது விதி. மூன்றாம் முறை அனுப்புகையில் குண்டு பட்டுக் கருவி சிதைந்தது. விமானமும் கடலில் வீழ்ந்தது. மூவர் மாண்டனர், அறுவர் சிறைப்பட்டனர். கொழும்பு முன்னறிவிப்புப் பெற்றது. மறுநாள் உயிர்த்த ஞாயிறன்று கொழும்பின்மீதும், 9ஆந் திகதி திருகோணமலைமீதும் குண்டுகள் வீழ்ந்தன. நான் பிறக்க முப்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன்னும் இந்நாட்டில் பிள்ளைகள் வானத்துக்கு அஞ்சியிருக்கின்றனர் என்பது அன்றுதான் என் நெஞ்சில் உறைத்தது.

நிற்க. பயிற்சிக் கலாசாலையில் மட்டையும் பசையும் கொண்டு துணைக்கருவிகள் செய்து பழகிய கை என்ற துணிவில் வேலையைத் தொடங்கினேன். உறுப்புகளைச் சவர்க்கார நீரில் கழுவி உலர்த்தினேன். இறக்கை முனைக்கு முனை 44 சென்ரிமீற்றர். அதன்மேல் எங்கும் தறையாணிக் குமிழ்கள், மழைக்காலத்துக் கொப்புளம் போல. உண்மை விமானத்தில் அவை இத்துணை பெரியனவாயின் பனங்கொட்டையளவு இருந்திருக்கும்! பாதியை அரத்தாளால் தேய்த்தேன். மீதியைப் பழமைக்கு மரியாதையாக விட்டேன். சோம்பல் என்பாரும் உளர். மஞ்சள் படிந்த ஒட்டுப்படங்களை யன்னற் கண்ணாடியில் வெயில் படும்படி ஒட்டிவைக்க, சில வாரங்களில் வெளுத்தன.

சக்கரங்களையும் பொருத்தி முடித்தேன். பத்தாந் தர மாணவனொருவன் வந்து பார்த்துவிட்டு, “சேர், வாவியில் இறங்கிய விமானத்துக்குச் சக்கரம் எதற்கு?” என்றான்.

எழுத்துப்பிழைக்குச் சிவப்பு மை வைத்திருப்பவன் யான். ஒரு கணம் சினமே வந்தது. அவன் சொன்னது சரி. பெட்டியிலிருந்தது நிலத்திலும் நீரிலும் இறங்கும் பிந்திய வகை. பேர்ச்சலின் விமானத்துக்குச் சக்கரமே இல்லை. மறுநாள் அவனையும் உடன் வைத்துக்கொண்டு சக்கரங்களைப் பெயர்த்தேன். வயிற்றின் இருபுறக் குழிகளையும் மெல்லிய பிளாஸ்டிக் தகட்டால் மூடி, பட்டி பூசி, தேய்த்து, மீண்டும் பூசினோம். நான்கு மாலைகள் அதற்கே சென்றன. பக்கங்களிலுள்ள கண்ணாடிக் கூடுகளை அவனே துலக்கினான்; அவற்றினூடே அமர்ந்துதான் வீரர் கடலைப் பார்த்திருப்பர் என்று சொல்லிக்கொண்டே துலக்கினான்.

எஞ்சியது வானொலிக் கம்பி. கழித்த சட்டத் துண்டொன்றை மெழுகுதிரிச் சுடரின்மேல் காட்டி, இளகியதும் இருபுறமும் இழுத்தால் மயிரினும் மெல்லிய இழை வரும். இறக்கைக்கும் வாலுக்கும் இடையே அதைக் கட்டவேண்டும். குறட்டால் பிடித்து நுனியில் பசை தொட்ட வேளை, பலாலிக்கு வரும் பயணிகள் விமானம் எங்கள் கூரைக்கு மேலே தாழ்ந்து சென்றது. என் தலை தானாகவே குனிந்தது. இழை அறுந்தது.

மாணவன் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. ஊதி அணைந்திருந்த திரியை மறுபடி ஏற்றி, “இன்னொன்று இழுப்பம், சேர்” என்றான்.