எடைபோடும் வரை: கொடுமுடி வட்டாரக் கறிக்கோழிக் கொட்டகைகள்

காவிரிக் கரையில் அமைந்து மஞ்சள், கரும்பு, தென்னை ஆகிய பயிர்களால் அறியப்படும் கொடுமுடி வட்டாரத்தில், ஆற்றுப்பாசனம் எட்டாத மேட்டுக்காடுகளுக்குச் சென்றால் காணக்கிடைப்பவை கிழக்கு மேற்காக நீண்ட கறிக்கோழிக் கொட்டகைகள். நீளவாட்டுப் பக்கங்கள் கம்பிவலை மட்டும் கட்டித் திறந்திருப்பதால், வெயில் நேராக உள்ளே விழாதிருக்கவே இந்தத் திசை தேர்ந்தெடுக்கப்படுகிறது.

உடுமலைப்பேட்டையில் தோன்றிய சுகுணா போன்ற நிறுவனங்கள் 1990களில் கொங்கு நாடெங்கும் பரப்பிய ஒப்பந்த வளர்ப்பு முறையில், குஞ்சும் தீவனமும் மருந்தும் நிறுவனத்துடையவை. கொட்டகையும் தண்ணீரும் மின்சாரமும் உழைப்பும் உழவருடையவை. பண்ணை விலையைப் பல்லடத்திலுள்ள பிராய்லர் ஒருங்கிணைப்புக் குழுவான பி.சி.சி. அறிவித்தாலும், வளர்ப்பவருக்குக் கிடைப்பது கிலோக் கணக்கிலான வளர்ப்புக் கூலியே. அக்கூலியும், ஒரு கிலோ எடைக்குச் செலவான தீவனத்தைக் குறிக்கும் எஃப்.சி.ஆர். கணக்கையும் இறப்பு விகிதத்தையும் பொறுத்துக் கூடும், குறையும்.

ஏறத்தாழ 40 கிராம் எடையில் வரும் குஞ்சு ஆறு வாரங்களில் இரண்டு கிலோவைத் தாண்டுகிறது. முதல் வாரத்தில் 33 முதல் 35 பாகை வரை வெப்பம் தரும் ‘புரூடிங்’ கட்டத்தில், பண்ணையாள் வெப்பமானியைவிடக் குஞ்சுகள் படுத்திருக்கும் விதத்தையே நம்புகிறார். விளக்கடியில் அவை குவிந்தால் குளிர், விலகி ஓரம் ஒதுங்கினால் சூடு, பரவலாகப் படுத்தால் சரி. பின்னர், தரையில் பரப்பிய தேங்காய் நார்க்கழிவை நாள்தோறும் கிளறிவிடாவிட்டால் எச்சத்திலிருந்து எழும் அம்மோனியா கண்ணைக் கரிக்கும், ஈரத்தில் நிற்கும் கோழியின் பாதம் புண்ணாகும். வியர்வைச் சுரப்பி இல்லாத கோழி வாய் திறந்து இரைத்தே சூட்டைத் தணிக்க வேண்டியிருப்பதால், சித்திரை வெயிலில் கூரைக்குத் தண்ணீர் தெளிப்பதும் பக்கத்தில் ஈரச்சாக்கு கட்டுவதும் தவறாத வேலைகள். கோழி நலமாக இருந்தால்தான் கூலி கூடும் என்பதால், இக்கவனிப்பை வெறும் இரக்கம் என்று சொல்லிவிட முடியாது. ஆயினும் கால் தாங்காத அளவுக்கு விரைந்து எடை ஏறும் இனத்தைத் தேர்ந்தவரும், ஒரு கோழிக்கு ஏறக்குறைய ஒரு சதுர அடி என்று இடத்தை அளந்தவரும் அந்தப் பண்ணையாள் அல்லர்.

கோழி வளர்க்கும் உழவர் வீட்டுத் திண்ணையில் லவ்பேர்ட்ஸ் கூண்டு தொங்குவதும் உண்டு. பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பதை 1972ஆம் ஆண்டு வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது என்பது பலருக்கு இப்போது தெரிந்திருக்கிறது. கறிக்கோழிக்கும் சட்டம் உண்டு என்பதோ பண்ணைகளில் பேச்சில்கூட அடிபடுவதில்லை.

கோழியின் துன்பம் மிகுவது ‘லிஃப்டிங்’ எனப்படும் பிடிப்பு இரவில்தான். வெயிலுக்கு அஞ்சி இருட்டில் வரும் பிடிப்பாளர்கள், விளக்கைக் குறைத்துவிட்டு, கையொன்றுக்கு நான்கைந்து கோழிகளைக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி, எடைபோட்டுப் பிளாஸ்டிக் கூண்டுகளில் அடைக்கின்றனர். தும்மலும் தூசியும் நகக்கீறலும் அவர்கள் பங்கு. கூலி பெரும்பாலும் ஏற்றும் அளவுக்கே என்பதால் மெதுவாகப் பிடிப்பவருக்கு நட்டம். தராசில் ஏறியதும் கோழி உழவரின் கணக்கிலிருந்து இறங்கிவிடுகிறது. வழியில் சாவதை, கோழியை வாங்கிச் செல்லும் வியாபாரி விலைக்குள் அடக்கிவிடுகிறார்.

விலங்குகள் போக்குவரத்து விதிகளோ, வெப்பம் 25 பாகையைக் கடந்தால் கோழிகளை ஏற்றிச் செல்லலாகாது என்கின்றன. கோடை இரவிலும் வெப்பம் பெரும்பாலும் அந்த அளவுக்குக் கீழே இறங்காத கொடுமுடிப் பகுதியில் இவ்விதி அப்படியே நடைமுறைக்கு வந்தால் கோடையில் பெரும்பாலான நாட்கள் வண்டியே ஓடாது. கடைப்பிடிக்க முடியாத விதி எவரையும் கட்டுப்படுத்துவதில்லை. கறிக்கோழிகளின் வளர்ப்பையும் போக்குவரத்தையும் ஆராய்ந்து இந்தியச் சட்ட ஆணையம் 2017இல் தன் 269ஆவது அறிக்கையை அளித்தது. அதன் பின்னரும் பிடிப்பு இரவின் வழக்கம் மாறவில்லை.

கோழி யாருடைய சொத்தோ அவரே பொறுப்பு என்பதே நேர்மையான முறை. ஆகவே கூண்டுக்கு இத்தனை கோழி என்பதையும், பிடிப்பாளருக்கு நேரக்கணக்கில் கூலி என்பதையும் ஒப்பந்தத் தாளிலேயே நிறுவனங்கள் எழுதித் தர வேண்டும். அதற்கான செலவை வளர்ப்புக் கூலியிலிருந்து பிடித்தம் செய்யலாகாது.