சீனாவின் வெள்ளைக் கிண்ணமும் பாஸ்ரா குயவர்களின் பிடிவாதமும்

பாக்தாத்திலிருந்து வடக்கே சுமார் 125 கி.மீ. தூரத்தில், டைகிரிஸ் ஆற்றங்கரையில் இருக்கிறது சமாரா. இராக்கின் இந்தப் பழைய ஊருக்கு அடையாளம், சங்கைத் திருகி நிறுத்தியது போன்ற மல்வியா மினார். உயரம் 52 மீட்டர். வெளிப்பக்கமாகவே சுற்றிச் சுற்றி ஏறும் பாதை. தலைசுற்றல் உள்ளவர்கள் கீழேயே நின்றுவிடுவது நல்லது!

உச்சியிலிருந்து பார்த்தால் மண்மேடுகளாகத் தெரியும் இந்த இடம், 836 முதல் 892 வரை அப்பாசிய கலீஃபாக்களின் தலைநகர். 1911-ல் ஜெர்மன் ஆய்வாளர் ஹெர்ட்ஸ்ஃபெல்ட் இங்கே தோண்டத் தொடங்கினார். அரண்மனை இடிபாடுகளில் சீனப் பீங்கான் துண்டுகள் கிடைத்தன. கூடவே, அதே போல வெள்ளை வெளேரென்று வேறு சில துண்டுகள். உடைந்த விளிம்பைப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். உள்ளே இருப்பது மஞ்சள் களிமண்!

அவற்றில் பெரும்பாலானவை தெற்கே, துறைமுக நகரமான பாஸ்ராவில் செய்யப்பட்டவை.

கடல் வழியாக வந்த சீனக் கிண்ணங்களுக்கு அப்போது அவ்வளவு மவுசு. அதே மாதிரி செய்ய பாஸ்ரா குயவர்களுக்கும் ஆசை. ஆனால், பீங்கானுக்குக் கயோலின் என்ற வெள்ளைக் களிமண் வேண்டும். சூளையில் 1,300 டிகிரி வெப்பம் வேண்டும். இரண்டுமே அவர்களிடம் இல்லை. இருந்தது சாதாரண மண்தான். எனவே, கிண்ணத்தின் மேல் பூசும் கண்ணாடிப் பூச்சில் வெள்ளீயத்தைக் கலந்தார்கள். சுட்டதும் பூச்சு பாலாக வெளுத்து, மண்ணின் நிறத்தை மறைத்துவிட்டது.

அத்தோடு விட்டார்களா? சீனாவிலிருந்து வந்த வெள்ளைக் கிண்ணங்கள் பெரும்பாலும் வெறுமையாக இருந்தன. இவர்களோ கோபால்ட் நீலத்தில் பூக்களும் அரபு எழுத்துகளும் வரைந்தார்கள். சூளைச் சூட்டில் நீலம் லேசாகக் கசிந்து, ஈரத்துணியில் மை பரவியது போல நிற்கும். அந்த அழகைப் பார்த்த பிறகு 'போலி' என்று சொல்ல மனசு வராது. வெள்ளியும் செம்பும் சேர்த்து, மண் கிண்ணத்தைத் தங்கமாக மினுங்க வைத்ததும் இதே குயவர்கள்தான்.

பிறகு காற்று திசை மாறியது. 14-ம் நூற்றாண்டில் சீனாவின் ஜிங்தேஜென் சூளைகள் பாரசீகத்திலிருந்து கோபால்ட்டை வரவழைத்து, வெள்ளைப் பீங்கானில் நீலம் தீட்டின. இன்று 'சீனத்து ஜாடி' என்றதும் நம் நினைவுக்கு வருவது அந்த நீலமும் வெள்ளையும்தான். நாம் சொல்லும் 'பீங்கான்' கூட பாரசீகச் சொல்தான்!

சமாராவில் கிடைத்த துண்டுகளைப் பார்க்க இராக்குக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. லண்டனின் பிரிட்டிஷ் மியூசியத்திலும், விக்டோரியா அண்டு ஆல்பர்ட் மியூசியத்திலும் இருக்கின்றன. போனால் ஓவியத்தைப் பார்த்துவிட்டு, உடைந்த விளிம்பையும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். மஞ்சள் மண் தெரியும்.