டைரக்ட் கொடுக்காத எலக்ட்ரீஷியன்

மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் ஒரு தகர ஷெட். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளுக்குள் புகுந்ததே, அதன்பின் மாதக்கணக்கில் இங்கே கார்கள் வரிசை கட்டினவாம். இன்ஜினை மெக்கானிக்குகள் பார்த்துக்கொண்டார்கள். பச்சை பூத்த கனெக்டரும் துருவேறிய ரிலேயும் இந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனின் பங்குக்கு வந்தன.

நண்பர் சொல்லி நான் போன அன்று நின்றிருந்தது பழைய ஃபோர்டு ஐக்கான். ஜிஎஸ்டி சாலையில் இன்னும் தெற்கே, மறைமலைநகரில் பிறந்த வண்டி. இந்தியாவில் கார் தயாரிப்பதை நிறுத்தப்போவதாக 2021 செப்டம்பரில் ஃபோர்டு அறிவித்துவிட்டது. வாங்கியவர்கள் இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

“வெயில் ஏறினா நின்னுடுது தம்பி. ஆறவிட்டா ஓடுது” என்றார் உரிமையாளர்.

“சாவியை ஆன்ல வைங்க சார். ஸ்டார்ட் பண்ணாதீங்க.”

பின் சீட்டுக்கடியில் ஓரிரு நொடி ‘விர்ர்’ என்று பெட்ரோல் பம்ப் சத்தம் வரவேண்டும். வரவில்லை. அவர் எடுத்தது மீட்டரை அல்ல, டெஸ்ட் லாம்ப்பை: ஒரு இண்டிகேட்டர் பல்பு, இரண்டு ஒயர், ஒரு முனையில் எர்த் பிடிக்கக் கிளிப், மறுமுனையில் கூராக்கிய ஊசி. பிரமாதமான கருவி என்றுதான் சொல்வேன். இணைப்பு கருகி அரைகுறையாக ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் காட்டிவிடும். பல்புக்கு அது போதாது. கரண்டை இழுத்துப் பார்த்துவிட்டு மங்கிப்போய் உண்மையைச் சொல்லிவிடும். அன்றும் மங்கியது. பம்புக்குக் கரண்ட் விடும் ரிலேயின் பாயிண்ட் கருகி, ஃபியூஸ் பாக்ஸில் அது உட்காரும் சாக்கெட்டும் வெந்திருந்தது.

“டைரக்ட் குடுத்துடேன்.”

“வண்டியை ஷெட்டுக்குள்ள தள்ளுறதுக்குன்னா குடுப்பேன் சார். ரோட்டுக்குக் குடுக்க மாட்டேன்.”

டைரக்ட் என்றால் ரிலேயின் 30, 87 என்ற இரண்டு பின்களையும் ஒயரால் இணைத்துவிடுவது. வண்டி ஓடும். ஆனால் இன்ஜின் சுற்றுவது நின்றால் ரிலேயை விடுவித்துப் பம்பை நிறுத்த வேண்டிய கம்ப்யூட்டருக்கு அதில் வேலையே இல்லை. விபத்தில் பெட்ரோல் குழாய் அறுந்தாலும் பம்ப் பீய்ச்சிக்கொண்டே இருக்கக்கூடும்.

அவர் கட்டியது வேறு. ஹாரனுக்கும் ஹெட்லைட்டுக்கும் போடும் சாதாரண நான்கு பின் ரிலே, 12 வோல்ட், 30 ஆம்பியர். 30இல் பேட்டரி, நடுவே 15 ஆம்பியர் ஃபியூஸ். 87இல் பம்ப். காயிலின் 85, 86 பின்களுக்குப் பழைய சாக்கெட்டிலிருந்த அதே கம்ப்யூட்டர் ஒயர்கள். காயில் இழுப்பது கால் ஆம்பியருக்கும் குறைவு; பம்போ ஐந்து, ஆறு ஆம்பியர் தின்னும். கடைசியாகக் காயிலின் குறுக்கே ஒரு டயோடு, வெள்ளிக்கோடு பாசிட்டிவ் பக்கம். காயில் அணையும்போது எதிர்த்திசையில் துள்ளும் மின்னழுத்தம் கம்ப்யூட்டரின் டிரான்சிஸ்டரைச் சுடாமலிருக்க அது. விலை ஒரு டீக்குக்கூட வராது. அதை விட்டுவிட்டுக் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் தேடினால் பழைய ஃபியூஸ் பாக்ஸ் கிடைக்கலாம். புதிதாகக் கேட்டாலோ முழுப் பெட்டியாகத்தான் வாங்கு என்பார்கள் பல கடைகளில். ஒரு சாக்கெட் வெந்ததற்கு நாற்பது சாக்கெட்டுக்கு விலை! கைவேலைக்காரர் கேட்கும் கூலியில் பேரம் பேசுகிற நாம் இந்த பில்லுக்கு மட்டும் வாய் திறப்பதில்லை.

வெளியே தனி ரிலே கட்டுவதை மட்டமான வேலை என்பவர்கள் அமெரிக்காவைப் பார்க்கலாம். 2011 மாடல் ஜீப் கிராண்ட் செரோக்கி, டாட்ஜ் டுராங்கோ கார்களில் மின்பெட்டிக்குள் இருந்த பம்ப் ரிலே கெட்டு வண்டிகள் நின்றன. 2014இல் கிறைஸ்லர் அவற்றைத் திரும்ப அழைத்துச் செய்த ரிப்பேரும் இதேதான்: பெட்டிக்கு வெளியே ஒரு ரிலே.

தண்ணீர் தங்காதபடி பின்கள் கீழ்நோக்கி இருக்க ரிலேயைத் திருகி முடித்தார். பிறகு அதன் தலையில் மார்க்கரால் ‘பெட்ரோல் பம்ப்’ என்று எழுதினார். அடுத்து எந்த எலக்ட்ரீஷியன் பானட்டைத் திறந்தாலும் ஹாரன் ரிலே என்று நினைத்து உருவிவிடக் கூடாதாம்.