முள்ளை நம்பி வால்பாறை ஏறலாமா?

பொள்ளாச்சியில் இருந்து வால்பாறைக்கு சுமார் 65 கி.மீ. ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவுகள், புலிகள் காப்பகக் காடு. பழைய அம்பாசடரில் கிளம்புபவர்கள் பெட்ரோல் முள்ளை மட்டும் நம்பக் கூடாது. டேங்குக்குள் இருக்கும் மிதவை சிக்கிக்கொண்டால், காலி டேங்கும் ‘பாதி’ என்றே காட்டும். மலை ஏற்றத்தில் பெட்ரோல் ஒரு பக்கம் சாய்வதால் நல்ல முள்ளும் தடுமாறும்.

டேங்கை நிரப்பியும் முள் அசையவில்லையா? முதலில் ஃபியூஸ், அடுத்து மிதவைக்குப் போகும் ஒயர், எர்த் இணைப்பு ஆகியவற்றை மெக்கானிக்கிடம் காட்டுங்கள். துருவோ, லூஸ் கனெக்‌ஷனோ என்றால் செலவு குறைவு. அதற்கு நேரமில்லையா? பொள்ளாச்சியிலேயே டேங்கை நிரப்பி, கிலோமீட்டரைக் குறித்துக்கொண்டு ஏறுங்கள். 9-வது வளைவில் வண்டி நிற்பது வரையாடு பார்க்கத்தான் இருக்க வேண்டும்!